அரிசி மூட்டைக்குப் பின்னால் போர்டோ

என் கணவரைக் குடிகாரர் என்று முதலில் சொன்ன புண்ணியவாளர் யாரென்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்திருந்தால் வாசலில் போய் நின்று நாலு கேள்வி கேட்டிருப்பேன். இந்த மனிதர் தேத்தண்ணியைத் தவிர வேறொன்றையும் ஆசைப்பட்டுக் குடித்ததில்லை. இருமல் மருந்தைக்கூட மணந்து பார்த்துவிட்டு, "இதுக்கை ஸ்பிரிட் மணக்குது" என்று மூடி வைக்கிறவர். வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். அப்படிப்பட்டவருக்கு அந்தப் பட்டம் என்னால்தான் வந்தது.

எங்கள் வீட்டில் வைன் குடிக்கிறது நான். சொல்லிவிட்டேன், இனி நிம்மதியாக மிச்சத்தைச் சொல்லலாம்.

சனிக்கிழமைகளில் காலைச் சாப்பாடு முடிந்ததும் கனடாவில், ஸ்காபரோவில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட இருக்கிற பிளாசாவுக்குப் போவோம். அங்கே அரசாங்க மதுக்கடை ஒன்று இருக்கிறது. பனிக்குள் கார் ஓட்ட எனக்குப் பயம், அதனால் இவர்தான் ஓட்டிவருவார். கடை வாசலுக்கு நேரே இடம் வெறுமையாகக் கிடக்கும். இவரோ தரிப்பிடத்தின் ஆகக் கடைசி மூலைக்குப் போய், பழைய உடுப்புப் போடுகிற பெட்டியோடு ஒட்டி நிறுத்துவார். கோயில் சனம் கண்டுவிடுமாம். நான் இறங்கிச் சேற்றுப்பனியில் வழுக்கி வழுக்கி நடந்து போக, இவர் தமிழ் வானொலியைப் போட்டுக்கொண்டு, மரக்கறிக் கடை விளம்பரத் தாளை முகத்துக்கு முன்னால் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார்.

அந்தப் பிளாசாவில் மதுக்கடைக்கு இந்தப் பக்கம் இடியப்பக்கடை, அந்தப் பக்கம் நகைக்கடை. ஸ்காபரோவில் இருக்கிற தமிழரில் பாதிப்பேர் சனிக்கிழமை அங்கேதான் நிற்பார்கள். மதுக்கடைக்கு முன்னால், மூலைக்குள் காரை ஒளித்துவைத்து, தாளால் முகத்தை மறைத்துக்கொண்டிருக்கிற ஆம்பிளையைக் கண்டால் அவர்கள் வேறென்ன நினைப்பார்கள்? ஒருதரம் இடியப்பப் பார்சலோடு கடைக்குள் வந்த ஒரு தங்கச்சி, கையில் போத்தலோடு நின்ற என்னைக் கண்டுவிட்டாள். என் தோளைத் தடவி, "அவருக்கு வாங்க வந்தனீங்களோ அக்கா? பாவம் நீங்கள்" என்றாள். ஓம் என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். அதை இன்றும் நினைத்தால் எனக்கு என் மேலேயே எரிச்சல் வரும்.

இந்தப் பழக்கம் எனக்கு அலுவலகத்தில் தொற்றியது. ஒரு காப்புறுதிக் கந்தோரில் வேலை செய்கிறேன். மொன்றியாலில் பிறந்த ஒரு மனிசி எங்கள் பகுதியில் இருந்தார். ஓய்வு பெற்றுப் போகிற நாளில் எல்லோருக்கும் ஆளுக்கொரு போத்தல் தந்தார். வீட்டுக்குக் கொண்டுவந்து, எதற்கும் இருக்கட்டும் என்று கோல்ட் ரூமில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் படுக்கவைத்தேன். முன்வாசல் படிக்குக் கீழே நிலத்துக்குள் இருக்கிற சின்ன அறை அது. சூடாக்கி கிடையாது. வெள்ளைக்காரன் எதற்குக் கட்டினானோ தெரியாது, எங்கள் ஆட்கள் எல்லோரும் அதற்குள் அரிசியும் வெங்காயமும் மிளகாய்த்தூளும்தான் வைப்போம். வைனுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது என்பது பிறகுதான் தெரிந்தது.

ஒரு வருசமோ என்னவோ கழித்து அரிசி எடுக்கப் போனபோது கையில் தட்டுப்பட்டது. திறந்து ஒரு வாய் குடித்தேன். காய்ச்சலுக்கு அவித்துத் தருகிற மல்லிக் குடிநீர் போல இருந்தது. நாக்கெல்லாம் வாழைப்பூக் கயர்ப்பு. இதற்கா இந்தப் பாடு என்று கடதாசியால் வாயை அடைத்து வைத்துவிட்டேன். அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை, ஆட்டுக்கறி. எலும்பை உறிஞ்சிக்கொண்டிருக்கும்போது ஞாபகம் வந்து இன்னொரு வாய் ஊற்றிப் பார்த்தேன். கயர்ப்பைக் காணவில்லை! கறியின் உறைப்பை அது மெல்லத் தடவி இறக்க, பின்னால் நாவற்பழம் போல ஒரு வாசம் எழும்பியது. "அட!" என்று கத்திவிட்டேன். கையைச் சுட்டுக்கொண்டேன் என்று நினைத்து இவர் மேல்மாடியிலிருந்து ஓடிவந்தார்.

போத்தலில் போர்டோ என்று எழுதியிருந்தது. பிரான்சில் சிவப்பு வைனுக்குப் பேர்போன இடம். கைப்பேசியில் தேடினேன். அங்கே வைன் செய்கிற பெரிய பெரிய வீடுகளின் பெயர்கள் வந்தன. அவற்றின் விலையைப் பார்த்ததும் தாலிக்கொடியைத் தடவிப் பார்த்தேன். அதைக் கழற்றி விற்றால் ஒரு பெட்டி வாங்கலாம். ஆனால் எனக்குக் கிடைத்த போத்தல் ஒரு சின்ன ஊர்க்காரருடையது. இருபது டொலருக்குக் கொஞ்சம் மேலே. அட, அப்படியானால் வழி இருக்கிறது என்று எனக்குள் ஒரு பேய் புகுந்துகொண்டது. நான் புடவை வாங்கப் போனால் ஏழு கடை ஏறி இறங்குகிறவள். மலிவில் நல்லது எடுப்பது எங்கள் குடும்ப வியாதி.

போர்டோவை எனக்கு விளங்கவைத்தது ஸ்டீல்ஸ் வீதிதான். அந்த வீதிக்குத் தெற்கே நின்றால் ஸ்காபரோ, வடக்கே போனால் மார்க்கம். இரண்டு பக்கத்திலும் அதே செங்கல், அதே புல்லு, அதே பனி. ஆனால் வடக்குப் பக்கத்து வீட்டுக்காரர் "நாங்கள் மார்க்கத்தில" என்று சொல்லும்போது கழுத்து ஒரு அங்குலம் நீளும், வீட்டு விலையும் கூடவே நீளும். போர்டோவும் இதே கூத்துத்தான். பொமரோல் என்று ஒரு ஊர், கிட்டப் போகமுடியாத விலை. ஒரு சின்ன வாய்க்காலைக் கடந்தால் லலாந்த், விலை பாதிக்கும் கீழே. அதே மாதிரி விலை ஏறின சென் எமிலியோனுக்குப் பக்கத்து ஊர் காஸ்தியோன். கொஞ்சம் மேற்கே மேட்டில் ஃபுரோன்சாக். அதே வெயில், அதே மழை, அதே திராட்சை. பெயருக்குத்தான் காசு. நான் ஸ்டீல்ஸுக்குத் தெற்கே குடியிருக்கிறவள், இதை எனக்கு யாரும் இரண்டாந்தரம் சொல்லித்தரத் தேவையில்லை.

அப்புறம் மெல்ல மெல்ல என் சட்டங்கள் உண்டாகின. வெயில் நன்றாக எறித்த வருசத்துச் சின்ன வீட்டுப் போத்தலை வாங்கு, ஏனென்றால் அந்த வருசம் எல்லோருக்கும் நல்ல பழம். மழை கெடுத்த வருசத்தில் சின்ன வீட்டுப் பக்கமே போகாதே. தங்கப்பதக்கம் ஒட்டிய போத்தலை நம்பாதே. குண்டுப் போத்தலை நம்பவே நம்பாதே, நீ காசு கொடுப்பது கண்ணாடிக்கு. நல்லவை எப்போதும் கண்மட்டத்தில் இருக்காது, முழங்கால் மட்டத்தில் கிடக்கும். குனிந்து எழும்புவதற்குள் எனக்கு உயிர் போய்வரும், ஆனால் ஃபுரோன்சாக் அங்கேதான் இருக்கிறது.

இவர் அதைத் தொடமாட்டார், ஆனால் அவர் இல்லாமல் என் வைன் இறங்காது. மலிவுப் போர்டோ இளசாக இருக்கும், திறந்த உடனே குடித்தால் தொண்டையைப் பிடிக்கும். காற்றுப்பட வேண்டும். அதற்கென்று வயிறு பெருத்த கண்ணாடிக் குடுவை விற்கிறார்கள், அநியாய விலை. இவர் தேத்தண்ணி ஆத்துவதில் மன்னர். ஒருநாள் என் புலம்பல் பொறுக்காமல், "இஞ்சை தாரும்" என்று வாங்கி, இரண்டு எவர்சில்வர் பேணிகளில் அந்தச் சிவப்பை முழ நீளத்துக்கு ஆத்தத் தொடங்கினார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. முகத்தை மட்டும் அந்தப்பக்கம் திருப்பிக்கொண்டார், மணம் பிடிக்காது. குடித்துப் பார்த்தேன், ஐந்து வருசம் மூத்த வைன் போல இருந்தது. அன்றிலிருந்து சனி இரவில் அதுதான் அவருடைய வேலை.

ஒருதரம் மட்டும் சண்டை வந்தது. வேலை முடிந்து வரும் வழியில் கிராவ் என்ற ஊரின் போத்தல் ஒன்று அருமையான விலையில் அகப்பட்டது. அந்த ஊரின் நிலம் கூழாங்கல்லு, அதனால் அந்தப் பெயர். ஆனால் எழுத்தை ஆங்கிலத்தில் வாசித்தால் சவக்குழி. இவர் வாசித்துவிட்டார். "வெள்ளிக்கிழமையும் அதுவுமா சவக்காலையை வீட்டுக்கை கொண்டு வாறீரோ?" என்று கதவில் மறித்துக்கொண்டு நின்றார். அந்தப் போத்தல் சனிக்கிழமை விடியும்வரை காரிலேயே படுத்தது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மகன் ஒரு பெண்ணைப் பிடித்திருக்கிறது என்றான். கூட வேலை செய்கிற பிள்ளை. மார்க்கத்தில் வீடு, ஸ்டீல்ஸுக்கு வடக்கேதான், பார்த்தீர்களா. நல்ல சைவக் குடும்பம், மச்சம் தொடமாட்டார்கள். பிள்ளை ஒருநாள் வந்து என் குசினி மேசையில் ஏறி இருந்து காலை ஆட்டிக்கொண்டு கதைத்தது. எனக்கு அந்த நிமிசமே பிடித்துவிட்டது. இந்தப் பிள்ளை இந்த வீட்டுக்கு வரவேணும் என்று எனக்கு ஒரே ஆசை. பெற்றோர் இரண்டு பக்கமும் சந்தித்துப் பேசுவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை குறித்தோம்.

அதற்கு முந்திய வாரம் தொலைபேசி அடித்தது. இரண்டு குடும்பத்தையும் தெரிந்த ஒரு அன்ரி. வானொலிக்குக்கூட இடையில் விளம்பரம் உண்டு, அன்ரிக்கு அது கிடையாது.

"பிள்ளை, கோவியாதை. நல்ல காரியம் நடக்கேக்கை நான் வாய் திறக்கக் கூடாது. ஆனால் அவையளின்ரை காதிலை விழுந்திட்டுது."

"என்ன அன்ரி விழுந்தது?"

"உன்ரை மனுசன் பாவிக்கிறவர் எண்டு. தாய்க்காரி யோசிக்கிறாவாம். பெட்டையை அந்த வீட்டிலை குடுக்கிறதோ எண்டு."

எங்கள் ஆட்கள் ஒருவரைக் குடிக்கிறார் என்று நேரே சொல்லமாட்டார்கள், அது மரியாதை இல்லை. பாவிக்கிறவர் என்பார்கள். சவர்க்காரம் பாவிப்பதும் மிளகாய்த்தூள் பாவிப்பதும் சாராயம் பாவிப்பதும் எங்களுக்கு ஒரே சொல்தான். அந்தச் சொல்லை இவருடைய பெயரோடு சேர்த்துக் கேட்டதும் தொலைபேசியை வைத்துவிட்டேன்.

மகனிடம் சொன்னேன். அவன் உடனே, "அம்மா, ஜஸ்ட் வன் டே. போத்தலெல்லாம் ஒளிச்சு வையுங்கோ, ப்ளீஸ்" என்றான்.

"ஏன் ஒளிக்கவேணும்? அப்பா குடிக்கிறேல்லை எண்டு நேரே சொல்லு."

"அப்ப ஆர் குடிக்கிறது எண்டு கேப்பினம். தட்ஸ் வேர்ஸ், அம்மா."

வேர்ஸ். அப்பா குடித்தால் கூடாது, அம்மா குடித்தால் அதைவிடக் கூடாது. கனடாவில் பிறந்து, கனடாவில் படித்தவன். வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் நண்பர்களோடு அவன் என்ன குடிக்கிறான் என்பதை நான் கேட்டதில்லை. என் பிள்ளையின் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது எனக்கு வலித்தது.

இரவு குசினியில் பேணி கழுவிக்கொண்டு நின்ற இவர் மெல்லச் சொன்னார். "இஞ்சாரும், உதை விடும். நான் பாவிக்கிறவனெண்டே இருக்கட்டும்."

"என்ன விசர்க்கதை கதைக்கிறியள்?"

"ஆம்பிளை எண்டால், கொஞ்சம் பாவிப்பார், நல்ல மனுசன் எண்டு விட்டிடுவினம். பொம்பிளையை விடமாட்டினம். நீர் பேசாமல் இரும். கேட்டால், இனி விட்டிடுறன் எண்டு நான் சொல்லுறன்."

எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. ஒரு சொட்டுத் தொடாத மனிதர், தொடாத ஒன்றை விட்டுவிடுகிறேன் என்று எனக்காகச் சத்தியம் பண்ண நிற்கிறார். "ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லத் தேவையில்லை, பேசாமல் இருங்கோ" என்று கத்திவிட்டுப் போய்ப் படுத்துவிட்டேன்.

கடைசியில் ஒளித்தேன். மகனுக்காக. அந்தப் பிள்ளைக்காக. போத்தல்கள் எல்லாவற்றையும் கோல்ட் ரூமில் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் அடுக்கி, மேலே என் பழைய வொயில் சேலை ஒன்றைப் போர்த்தினேன். ஒளிக்கவேண்டியது அதுமட்டுமில்லை. முதல்நாள் இவர் ஆசைப்பட்டார் என்று முருங்கையிலை போட்டு நண்டுக்கறி வைத்திருந்தேன், பாதிச் சட்டி மிஞ்சிவிட்டது. மச்சம் தொடாத சனம் வருகிறார்கள். குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தால் மணக்கும். எறியவும் மனம் வரவில்லை. அதையும் மூடி, கோல்ட் ரூமின் மேல்தட்டில் மிளகாய்த்தூள் பைகளுக்குப் பக்கத்தில் வைத்தேன். பிறகு, வெளியே பெப்ரவரிக் குளிர் என்றும் பாராமல் யன்னல்களைத் திறந்து, வீடு முழுக்கச் சாம்பிராணி போட்டேன்.

அவர்கள் வந்தார்கள். தகப்பன் நெற்றி நிறையத் திருநீறு, மெல்லிய குரல். தாய் பட்டுச்சேலை, அதற்குக் கீழே பனிச்சப்பாத்து, கையில் பழத்தட்டம். எல்லோரும் சிரித்தோம், எல்லோரும் குளிரைப் பற்றிச் சொன்னோம், அதற்குமேல் கதை ஓடவில்லை. அந்த அம்மாவின் கண் இவரைவிட்டு அசையவில்லை. கையைப் பார்க்கிறார், கண்ணைப் பார்க்கிறார். இவருக்கோ பதற்றத்தில் கை நடுங்கத் தொடங்கிவிட்டது. வாழ்நாளில் ஒரு சொட்டுச் சிந்தாத மனிதர் தேத்தண்ணியைத் தட்டில் சிந்தினார். சாம்பிராணிப் புகையில் கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்து கிடந்தது. ஐயோ முருகா, குடிகாரர் என்று படம் போட்டு வைத்தால் இப்படித்தான் இருக்கும்!

"வீட்டைச் சுத்திப் பாப்பமே?" என்று அந்த அம்மா எழும்பினார். எங்கள் சனத்துக்கு முதன்முறை வந்த வீட்டில் எல்லா அறையையும் பார்க்காவிட்டால் வந்தது போல இருக்காது. வேண்டாம் என்று சொன்னால் சந்தேகம். மேல்மாடி காட்டினேன், படுக்கையறை காட்டினேன். கீழ்நிலவறைக்கும் இறங்கினார். சலவை இயந்திரத்தைப் பார்த்தார். திரும்பப் போகிறார் என்று நான் மூச்சு விடுவதற்குள், நின்றார். மூக்கை ஒருதரம் தூக்கினார். நேரே போய்க் கோல்ட் ரூம் கதவைத் தள்ளித் திறந்தார்.

நானும் பின்னாலே போனேன். விளக்கைப் போட்டேன். பாழ்படுவான் சேலை, ஒரு மூலை வழுக்கி விழுந்திருந்தது. இரண்டு போத்தல்களின் கழுத்து வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. அதற்கு நேர் மேலே தூள் பைகள். அந்த அம்மா அந்தப் பக்கமாக விரலை நீட்டினார்.

"உதைத்தான் பாவிக்கிறனீங்களோ?"

அந்த ஒரு நொடியில் இவருடைய நடுங்குகிற கையும், மூலையில் ஒளித்த காரும், "பாவம் நீங்கள்" என்ற தங்கச்சியும் ஒன்றாக வந்து என்னைப் பிடித்து உலுப்பின. வாயைத் திறந்தேன், மூடமுடியவில்லை.

"ஓம், பாவிக்கிறனான். நான்தான். அவரில்லை. அவர் வாழ்க்கையிலை ஒரு சொட்டுத் தொட்டதில்லை, தேத்தண்ணிதான். இது போர்டோ. பிரான்ஸ். நான் சும்மா கண்டதையும் குடிக்கிறேல்லை, தேடிப் பாத்து நல்லதை மலிவிலை எடுக்கிறனான். ராத்திரிச் சாப்பாட்டோடை ஒரு கிளாஸ். சனிக்கிழமையிலை ரெண்டு. அவர் எனக்காகக் கார் ஓடி வந்து வெளியிலை இருக்கிறவர், அதைக் கண்டிட்டுச் சனம் அவரைச் சொல்லுது. பிழை எண்டால் என்னிலை பிழை. என்ரை மனுசனைப் பிழையா நினையாதையுங்கோ."

அந்த அம்மா நீட்டிய விரலை இன்னும் கொஞ்சம் மேலே உயர்த்தினார். பிறகு மெல்லச் சொன்னார்.

"நான் தூளைக் கேட்டனான்."

நிலம் பிளந்து என்னை விழுங்கவில்லை, கொங்கிரீற்றுத் தரை. அந்த அம்மா குனிந்து சேலையை முழுவதும் விலக்கிப் பார்த்தார். போத்தல்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"என்ரை ஐயா பாவிச்சவர்" என்றார். "அம்மா பட்ட பாடு எனக்குத் தெரியும். ராவிலை கதவு தட்டுற சத்தம் கேட்டால் நாங்கள் கட்டிலுக்குக் கீழை போயிடுவம். அதுதான் பயந்தனான். உங்கடை அவர் கை நீட்டுறவரோ?"

"அவரோ? ஒரு எறும்பை நசுக்கமாட்டார்."

"நீங்கள்?"

"நான் வாய்தான் நீட்டுவன்."

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. என் ஆசையைக் காப்பாற்ற நான் போத்தல்களை ஒளித்தது இந்த அம்மாவின் பழைய பயத்திடமிருந்து என்று அதுவரை எனக்கு உறைக்கவில்லை. நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருக்க, அவர் திரும்பிப் போய்க் கோல்ட் ரூம் கதவை உள்ளேயிருந்து சாத்தினார். குரலை இன்னும் தாழ்த்தினார்.

"மேலை இருக்கிற சட்டிக்கை நண்டுதானே?"

"...ஓம்."

"முருங்கையிலை போட்டதோ?"

"ஓம்."

"படியிலை இறங்கேக்கையே மணந்தது. அதுதான் என்ன தூள் எண்டு கேட்டனான்." பட்டுச்சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார். "கலியாணங் கட்டின நாளிலை இருந்து சைவம். அவையின்ரை வீட்டுப் பழக்கம். வேறை எல்லாம் மறந்திட்டன். நண்டு மட்டும் மறக்கேலாமல் கிடக்கு. ஒரு கால் தாறியளே?"

அரிசி மூட்டையில் அவரை இருத்தி, ஒரு காலென்ன, மூன்று கால் கொடுத்தேன். உறைந்த குழம்போடு, பச்சைக் குளிரில், கண்ணை மூடிக்கொண்டு உறிஞ்சினார். நான் கடதாசித் துவாயோடு பக்கத்தில் நின்றேன். "எனக்குத் தூள் வேணும்" என்றார், விரலைத் துடைத்துக்கொண்டு. "நீங்கள் மேலை ஒண்டும் சொல்லாதையுங்கோ."

"நான் சொல்லமாட்டன். ஆனால் என்ரையை நான் சொல்லத்தான் போறன்" என்றேன்.

மேலே ஏறிவந்தால், இவர் சோபாவின் நுனியில் கைகட்டி உட்கார்ந்திருக்கிறார். எதிரே பெண்ணின் தகப்பன் முகத்தைச் சுருக்கிக்கொண்டிருக்கிறார். மகன் சுவரைப் பார்க்கிறான். இவருடைய குரல் கேட்கிறது. "கொஞ்சமாத்தான் பாவிக்கிறனான். இனி விட்டிடுவன். நீங்கள் அதை ஒண்டும் யோசியாதையுங்கோ."

இந்த மனிதரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய! "என்னத்தை விடப்போறியள், தேத்தண்ணியையோ?" என்று கேட்டேன். எல்லோரும் திரும்பினார்கள். "அவர் குடிக்கிறேல்லை. நான் குடிக்கிறனான்." மகன் கண்ணை மூடிக்கொண்டான். பெண்ணின் தகப்பன் தன் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா மிக நிதானமாகக் கதிரையில் இருந்து, "ஓம், எனக்கு எல்லாம் காட்டினவ. நல்ல குடும்பம். கலியாணத்துக்கு நாள் பாருங்கோ" என்றார். வாயின் ஓரத்தில் குழம்பு ஒரு பொட்டு ஒட்டிக்கிடந்தது. குங்குமம் என்று நினைத்திருப்பார்கள்.

வைகாசியில் கலியாணம் முடிந்தது. இப்போது மருமகள் என் குசினி மேசையில் இருந்து காலை ஆட்டுகிறாள். அவளுக்கு வெள்ளை வைன்தான் பிடிக்கும், அதை நான் மன்னித்துவிட்டேன். சம்மந்தி அம்மா சனிக்கிழமைகளில் பிள்ளையைப் பார்க்க வருகிறார், நண்டையும் பார்க்க. வைனை ஒருதரம் நக்கிப் பார்த்து, "குடிநீர்" என்று கீழே வைத்துவிட்டார். ஆனால் மலிவில் நல்லது எடுக்கிற வியாதி அவருக்கு என்னைவிட முற்றிப்போய் இருக்கிறது. என்னோடு கடைக்கு வந்து, கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்து, கீழ்த்தட்டுகளை ஒரு கை பார்ப்பார். எனக்காகக் குனிவதும் அவர்தான், முழங்கால் நல்லது. போன மாதம் கடைசியாக ஒற்றையாய்க் கிடந்த ஒரு நல்ல வருசத்துக் காஸ்தியோனை விலை குறைத்திருக்க, அதைக் கண்டுபிடித்துத் தூக்கிக் காட்டியவர் அவர்தான்.

நாங்கள் உள்ளே நிற்க, வெளியே மூலையில் பழைய உடுப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் இப்போது இரண்டு ஆம்பிளைகள் இருக்கிறார்கள். வானொலியும் விளம்பரத் தாளும் தேத்தண்ணிப் போத்தலும்.

பனி கொட்டத் தொடங்கிய மூன்றாம் வாரமே தொலைபேசி அடித்தது. அன்ரி.

"பிள்ளை, கோவியாதை. உன்ரை மனுசன் இப்ப சம்மந்தியையும் பழக்கிப் போட்டாராம். அந்தத் திருநீறு பூசின மனுசனை! ரெண்டுபேரும் சனிக்கிழமை விடியவே கடை வாசலிலையாம்."

இவர் குசினியில் தேத்தண்ணி ஆத்திக்கொண்டு நின்றார். அன்ரியின் குரல் அவருக்கும் கேட்க, கை நடுவழியில் நின்றது. வேண்டாம், விடும் என்று எனக்குத் தலையை ஆட்டினார். என்னைக் காப்பாற்ற இத்தனை வருசம் ஆட்டிய அதே தலை. வீட்டுக்குள் உண்மையைச் சொல்லியாகிவிட்டது. ஊருக்குச் சொல்ல இந்த அன்ரியைவிட நல்ல ஆள் கிடைக்காது.

"அன்ரி, ஆறுதலாக் கேளுங்கோ. அவையள் ரெண்டுபேரும் குடிக்கிறது தேத்தண்ணி. உள்ளை போய் வைன் வாங்குறது நான். வீட்டை கொண்டந்து குடிக்கிறதும் நான். போர்டோ. எழுதி வையுங்கோ, பேந்து மாறிச் சொல்லிப்போடாதையுங்கோ."

அந்தப் பக்கம் அன்ரிக்கு வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு விளம்பர இடைவேளை வந்தது. பிறகு வைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை கோயிலில் நாலைந்து பேர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார்கள். இடியப்பக்கடைத் தங்கச்சி மட்டும் கிட்ட வந்து, "அக்கா, எது நல்லம்?" என்று காதுக்குள் கேட்டாள். ஃபுரோன்சாக் என்றேன். இவர் பிரகாரத்தில் நிமிர்ந்து நடந்தார்.

அடுத்த நாள் சனிக்கிழமை. பிளாசாவுக்குள் கார் திரும்பியது. நான் வழக்கம்போலப் பனிச்சப்பாத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு மூலைக்குத் தயாரானேன். இவர் மூலைப்பக்கம் போகவில்லை. விளம்பரத் தாளை மடித்துப் பின் ஆசனத்தில் போட்டார். காரைக் கொண்டுபோய்க் கடை வாசலுக்கு நேரே நிறுத்தினார்.